முதல் பந்தல் எப்ப வரும், ஆன்டி?

பெண் கேட்கப் போகிற எவனும் தன் காலைப் பற்றி மட்டும் பெருமை பேசக் கூடாது. சம்பளத்தைக் கூட்டிச் சொல்லலாம், சமைக்கத் தெரியும் என்று அளந்துவிடலாம்; உடனே யாரும் சோதித்துப் பார்க்க மாட்டார்கள். கால் அப்படியில்லை, கையோடு மாட்டிவிடும்.

எனக்கு அந்தச் சோதனையை வைத்தவர் நான் காதலித்த யோகாவின் அம்மா சாந்தா ஆன்டி. மலேசியாவில், கிள்ளான் பக்கம் பண்டமாரானில் வீடு. சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்னதும் மற்றவர்கள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். ஆன்டி மலையேற ஆரம்பித்துவிட்டார். தன் வயதுப் பெண்கள் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு காடு காடாக நடப்பார். யோகாவைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் கேட்டு நான் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து லட்டுப் பெட்டியோடு போய் உட்கார்ந்தேன். (ஆமாம், சர்க்கரை வியாதிக்காரருக்கு லட்டு. அவ்வளவு புத்திசாலி.)

ஆன்டி பெட்டியை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

“சனிக்கிழமை பகாங் பக்கம் மலைக்காட்டுக்குப் போறோம். ரெண்டு நாள் நடை. நீங்களும் வாங்க தம்பி, நடந்துகிட்டே பேசலாம்.”

“நடையா? ஆன்டி, வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு ரதத்துக்குப் பின்னாடியே பத்துமலை வரைக்கும் நடக்கிறவன் நான்!”

யோகா தலையில் கை வைத்துக்கொண்டாள். வாசல் வரை வந்து, “தண்ணி, சாப்பாடு எல்லாம் நெறைய எடுத்துக்க” என்றாள்.

“வழியில பாத்துக்கலாம் லா.”

ரதம் போகிற பாதை முழுக்கத் தண்ணீர்ப் பந்தல்தான். கூப்பிட்டுக் கூப்பிட்டு மோர் கொடுப்பார்கள், ரோஸ் சிரப் கொடுப்பார்கள், நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைக் கையில் திணிப்பார்கள். வேண்டாம் என்றால் கோபம் வேறு வரும். இத்தனை வருடத்தில் நான் வீட்டிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர்கூடக் கொண்டுபோனதில்லை. பத்துமலை போய்ச் சேரும்போது எடை கூடித்தான் இருப்பேன். நீண்ட நடை என்றால் வழியில் நாலு பேர் சோறு போடுவார்கள் என்பதே என் அனுபவம்.

சனிக்கிழமை ஆன்டிகள் முதுகில் மூட்டை மூட்டையாகச் சுமந்து நின்றார்கள். என் பைக்குள் குட்டித் தண்ணீர்ப் பாட்டில், சீப்பு, சென்ட், பெண் கேட்கும்போது போட இஸ்திரி போட்ட சட்டை.

“என்ன தம்பி, பேக் இவ்ளோ சின்னதா இருக்கு?”

“லைட்டா போனாத்தான் வேகமா நடக்கலாம், ஆன்டி.”

பெரிய அனுபவசாலி என்று நம்பிவிட்டார்கள், பாவம்.

முதல் மேட்டிலேயே பாட்டில் காலி. அதற்கப்புறம் பாதை படுத்திருக்கவில்லை, எழுந்து நின்றது. வேரைப் பிடித்து, பாறையைப் பிடித்து, ஒரு தடவை ஒரு ஆன்டியின் பையையே பிடித்து ஏறினேன். அவர்கள் ஊர்க்கதை பேசிச் சிரித்துக்கொண்டே முன்னால் போனார்கள். கணுக்காலில் அட்டை ஒன்று நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருந்தது. அதற்காவது பந்தல் கிடைத்ததே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

கடைசியில் கேட்டேவிட்டேன். “ஆன்டி, முதல் பந்தல் எப்ப வரும்?”

“என்ன பந்தல்?”

“தண்ணிப் பந்தல்...”

ஒரு ஆன்டி சிரிப்பு தாங்காமல் பாறையில் உட்கார்ந்தார். இன்னொருவர், “ஐயோ, நாசி லெமாக் முட்டையோட வேணுமா, முட்டை இல்லாமலா?” என்றார். அந்த நேரம் பார்த்துக் கால் இழுத்துக்கொள்ள, நான் சேற்றில் சாய்ந்தேன்.

சாந்தா ஆன்டி தன் பாட்டிலை என் வாயில் வைத்தார். “நடந்துகிட்டே பேசலாம்னு சொன்னேன்ல? சொல்லுங்க தம்பி, என்ன கேக்கணும்?”

ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் மனப்பாடம் செய்த வசனம். வாயில் வந்தது வேறு.

“இன்னும் கொஞ்சம் தண்ணி.”

இரண்டு நாள் நடை அத்தோடு முடிந்தது. என் பையையும் ஆன்டியே தூக்கிக்கொண்டு என்னை இறக்கிக் கூட்டிவந்தார். திரும்பி வரும் வேனில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மலை போனால் போகட்டும், யோகாவும் போச்சே என்று.

பண்டமாரான் வீட்டில் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு கிடந்தபோது, அடுப்படியிலிருந்து ஆன்டியின் குரல் கேட்டது.

“கட்டிக்கடி. இவரு உன்னைய விட்டுட்டு எங்கயும் ஓட மாட்டாரு. ஓடினாலும் முதல் மேட்டுலயே பிடிச்சிரலாம்.”

கிள்ளானில் கல்யாணம். மண்டபத்து வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல். பட்டுச் சேலையும் மலையேறும் சப்பாத்துமாக ஆன்டிகள் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மேலே பலகையில் ‘முதல் பந்தல்’ என்று எழுதியிருந்தது.

இன்றைக்கும் நான் குப்பை போட வெளியே கிளம்பினால்கூட உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுப்பார்: “மாப்ள, வழியில பந்தல் கிடையாது!”

நான் திரும்பி வந்து பாட்டிலை எடுத்துக்கொள்வேன்.