சிட்னிக்குப் போன தேங்காய்

பல்கலைக்கழகம் தெரிவு செய்யும்போது மற்றவர்கள் தரவரிசை பார்ப்பார்கள். எங்கள் வீட்டில், அது வில்லாவுட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்தார்கள்.

படகில் வந்த அப்பாவைச் சிட்னியிலுள்ள வில்லாவுட் தடுப்பு முகாமில்தான் சில வருடங்கள் வைத்திருந்தார்கள். வெளியே விட்ட கையோடு நாங்கள் மெல்பேர்னுக்கு, நோபல் பார்க்குக்கு வந்துவிட்டோம். அதன் பிறகு அப்பா சிட்னிப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

நானோ சட்டப் பட்டத்தையும் கலாநிதிப் பட்டத்தையும் சேர்த்துப் படிக்கப் புறப்பட்டவள். (ஒன்று போதாதா என்று கேட்காத அன்ரி கிடையாது.) மெல்பேர்னில் இடம் கிடைத்துவிட்டது. சிட்னியில், அகதிகளைத் தடுத்துவைக்கும் சட்டத்தில் பேர்போன பேராசிரியை ஒருவர் இருந்தார். அவர் என்னை மேற்பார்வை செய்ய ஒப்புக்கொண்டால் அங்கேயும் இடம். அந்தச் சட்டத்தை ஏற்கெனவே கரைத்துக் குடித்துவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு வேறு.

“அவ நேரில வந்து கதைக்கச் சொன்னவ,” என்றேன்.

அம்மா குசினிக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினார். பிறகு, “படிப்பிக்கிறவவைப் பாக்க வெறுங்கையோட போகேலாது. நானும் வாறன்,” என்றார் அப்பா.

தட்டத்தோடு வந்தார். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், நடுவில் குடுமி வைத்த தேங்காய். சிட்னி ரயிலில் அதை மடியில் ஏந்தியபடி இருந்தார். புதுக் கோட்டுப் போட்ட நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, அவர் வேறு யாருடைய அப்பாவோ என்பதுபோல ஜன்னலைப் பார்த்தேன்.

பல்கலைக்கழக வாசலில், வருகிறவர்களுக்கு அட்டை கொடுக்கும் பெண் அப்பாவிடம் பெயர் கேட்டாள். அப்பா நிமிர்ந்து நின்று சில ஆங்கில எழுத்துகளையும் ஓர் எண்ணையும் சொன்னார். முகாமில் அவரைக் கூப்பிட்ட எண். அவள் விளங்காமல் திரும்பக் கேட்டாள். அப்பா இன்னும் பணிவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் முந்திக்கொண்டு அவருடைய பெயரைச் சொன்னேன். குடித்த சட்டத்தில் ஒரு சொட்டுக்கூட அந்த நேரம் உதவவில்லை.

தன் அறையில் பேராசிரியை தட்டத்தைப் பார்த்துச் சங்கடப்பட்டார். அன்பளிப்பு வாங்கத் தங்களுக்கு அனுமதியில்லை என்றார். தட்டம் வேண்டாம் என்றால் மகள் வேண்டாம் என்றுதான் அப்பாவுக்கு அர்த்தம்.

“பிளீஸ் மேடம், குட் கேர்ள் மேடம்,” என்று குனிந்து குனிந்து கெஞ்சத் தொடங்கினார். (இதற்கு முன் எத்தனை அதிகாரிகளிடம் இப்படிக் குனிந்தாரோ.) குனிந்த வேகத்தில் தட்டம் சரிந்து, தேங்காய் உருண்டு மேசைக்கடியில் போனது. நானும் பாய்ந்தேன், பேராசிரியையும் பாய்ந்தார், மண்டையும் மண்டையும் முட்டிக்கொண்டன. எங்கள் முதல் ஆய்வுக் கலந்துரையாடல் மேசைக்கடியில் நடந்தது.

தலையைத் தடவியபடி எழுந்த பேராசிரியை ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து உரித்தார். விருந்தாளியோடு பழம் சாப்பிடக் கூடாதென்று விதி எதுவும் இல்லையாம்.

திரும்பும் வழியில், “நான் மெல்பேர்னிலயே படிக்கிறன் அப்பா,” என்றேன்.

“ஏன், அவ மாட்டனெண்டவவோ?”

“இல்லை. ஓமெண்டுதான் சொன்னவ.”

அப்பா தேங்காயில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “அந்த நம்பர் இன்னும் என்ர வாயில கிடக்கெண்டு எனக்கே தெரியாது, பிள்ளை. அதுக்காகவாவது நீ சிட்னியில படி. அம்மாட்ட மட்டும் நான் நம்பர் சொன்னதைச் சொல்லிப்போடாத.”

சிட்னியில்தான் படிக்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா தேங்காய்க் கதையை எடுத்துவிடுவார். பேராசிரியை மேசைக்கடியில் தவழ்ந்ததை நடித்தே காட்டுவார். எப்போதும் பேராசிரியையின் அறையிலிருந்துதான் தொடங்குவார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

அம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் தீர்வதில்லை. “தட்டத்தோட போன உங்களை வாசல்ல ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையோ?”

“பேர் மட்டும்தான் கேட்டவை,” என்பார் அப்பா.