உறை கழற்றாத மஸ்டாங்

வாங்கிய பொருளைப் பயன்படுத்தினால் தேய்ந்துவிடும் என்று நம்பி, தேயாமல் காப்பதற்கென்றே மேலும் மேலும் வாங்குகிற ஓர் இனம் நம்மிடையே உண்டு. பார்த்தால் தெரியாது. நம்மைப்போலவே சாப்பிடும், தூங்கும், வரி கட்டும்.

ஓசூர் பாகலூர் சாலை நாராயணப்பன் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். நிலத்தில் தொழிற்பேட்டை வந்தது, கைக்குப் பணம் வந்தது, கூடவே இந்தப் பித்தும் வந்தது. பழைய மாங்காய் மண்டிக் கொட்டகையில் மஸ்டாங், கமேரோ, சார்ஜர் என்று அறுபதுகளில் அமெரிக்காவில் பிறந்த முரட்டுக் கார்கள் மூன்று போர்வைக்குள் உறங்கின. ஒவ்வொன்றிலும் முந்நூறு குதிரை பலம் என்பார். ஒரு குதிரையைக்கூடக் கனைக்க விட்டதில்லை.

பார்க்கப் போகிறவர் செருப்பை வாசலில் விடவேண்டும். "கைய பின்னால கட்டிக்கிட்டுப் பாருங்க. ரேகை பட்டா போவாது" என்பார். சரி, அவர் கிருஷ்ணகிரிக்கு எதில் போவார்? பஸ்ஸில், படிக்கட்டில் தொங்கிக்கொண்டு. ஆயுத பூஜையன்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார், ஆனால் எஞ்சினை முடுக்கமாட்டார். நான்கு பேர் பின்னாலிருந்து தள்ளுவார்கள். பழம் நசுங்கியதும் மறுபடி போர்வை.

மகள் ஜெயப்ரியாவுக்குக் கல்யாணம் கூடியபோதுதான் வந்தது வினை.

"நைனா, சின்னப் புள்ளையிலேர்ந்து கேக்கறேன். அந்தச் செகப்பு மஸ்டாங்லதான் மண்டபத்துக்குப் போவேன்."

மகள்மேல் உயிரையே வைத்திருந்தவர். மறுக்கவும் முடியவில்லை, கொடுக்கவும் மனம் வரவில்லை. "ரோடு போடறாங்கம்மா, ஜல்லி தெறிக்கும்" என்று சொல்லிப் பார்த்தார்.

"ஜல்லி தெறிச்சா பெயிண்டு அடிச்சிக்கலாம். பொண்ணு மனசு நசுங்குனா எந்தப் பட்டறையில தட்டி எடுப்பீங்க?" என்றாள் மனைவி வெள்ளையம்மா.

ஒப்புக்கொண்டார். எஞ்சினை மட்டும் முடுக்கக்கூடாது. மண்டபம் இரண்டு தெரு தள்ளித்தானே?

கூரை மடங்கிய அந்த வண்டியில், பிளாஸ்டிக் உறை கழற்றாத சீட்டில், பட்டுப்புடவை சரசரக்க மணப்பெண் உட்கார்ந்தாள். பட்டு வேட்டி கட்டிய நான்கு பங்காளிகள் மூச்சு வாங்கத் தள்ளினார்கள். யாரையும் தொடவிடாத தன் மஞ்சள் துணியால் பெயிண்டைத் துடைத்தபடியே கூட நடந்தார் நாராயணப்பன். பாதி வழியில் தூறல் பிடித்தது. கூரையை இழுத்து மூடலாமே என்றார்கள். மூடினால் கூரைத் துணி நனையுமே! கையில் இருந்ததோ ஒரே குடை. அவசரமாக விரித்தார், பிடித்தார்.

பானெட்டுக்கு.

ஜெயப்ரியா இறங்கினாள். "நீங்க வண்டிக்கே புடிங்க நைனா. நான் மாமா வண்டியில போயிக்கறேன்." குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரைச் சுட்டது. பின்னால் மொபெட்டில் வந்துகொண்டிருந்த தாய்மாமன் தீர்த்தகிரி அவளை ஏற்றிக்கொண்டு போனார். புடவைக் கரையில் சேறு தெறிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்ற நாராயணப்பன் குடையை அப்படியே போட்டுவிட்டு, வலுத்துவிட்ட மழையில் ஓடினார்.

மணமேடைக்கு வந்தபோது உச்சி முதல் பாதம் வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். மகள் அவர் இடுப்பிலிருந்து மஞ்சள் துணியை உருவி, "தலையக் காட்டுங்க" என்று துவட்டினாள். அந்தத் துணி அவ்வளவு மிருதுவானது என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது. தெருவில் மஸ்டாங் நனைந்துகொண்டிருந்தது. அவர் வாசல் பக்கம் திரும்பவே இல்லை. சரி, இரண்டு முறை திரும்பினார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும் டிவி சத்தத்தைக் குறைக்க ரிமோட்டைக் கையில் எடுங்கள். பிளாஸ்டிக் உறை சரசரக்கிறதா?