மான் வேட்டைக்கு என்னைக் கூப்பிடாதீர்கள்

பனி மூடிய மலைக்காட்டில் முதன்முதலாக மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு என்னால் ஒரே ஒரு யோசனைதான் சொல்ல முடியும். என்னைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். மற்றதெல்லாம் போகப் போகப் பழகிவிடும்.

எனக்குத் திருத்தணியில் லுங்கிக் கடை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டி, அப்புறம் கடைக்கு வந்தவன். கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். இப்படிப்பட்டவனைத்தான் கனடாவில் இருக்கும் அக்கா, ஒரு மாசம் வந்து இருந்துவிட்டுப் போடா என்று கூப்பிட்டாள்.

அக்கா வீட்டுக்காரர், அதாவது எங்கள் பாவா, பள்ளிப்பட்டுக்காரர். கனடாவில் மரம் அறுக்கிற மில்லில் வேலை. அந்த மில்லில் மான் சுடாத ஆம்பளை அவர் ஒருத்தர்தான். லைசென்ஸ் வாங்கி மூன்று வருஷமாகக் காட்டுக்குப் போய் வெறுங்கையோடு வருகிறார். கூட வேலை செய்கிறவர்கள் மான் கறி கொண்டுவந்து, அவர் முன்னால் டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிடுவார்களாம். நான் போய் இறங்கிய அந்த வாரத்தில் ஒரு நாள், வேட்டை சீசனின் கடைசி நாள்.

"இன்னிக்கும் சும்மா வந்தன்னா மில்லுல தலைகாட்ட முடியாதுடா," என்றார். துணைக்கு ஆள் வேண்டும். இருந்தது நான்.

வண்டியிலேயே பாடம் ஆரம்பித்தது.

"காத்து நம்ம மூஞ்சில அடிக்கணும். முதுகுல அடிச்சா நம்ம வாசனை மானுக்குப் போயிடும். ஜவ்வாது கிவ்வாது பூசிகினு வந்தியா?"

"இல்ல பாவா." (விபூதியில் கலந்திருந்தது. அதுவும் கணக்கில் சேரும் என்று அப்போது தோன்றவில்லை.)

"உள்ள பருத்தி போடலியே? வேர்வையில ஊறினா ஐஸாயிடும்."

லுங்கி வியாபாரியிடம் கேட்கிற கேள்வியா இது? குளிருக்குப் பயந்து, பேன்ட்டுக்குள் ஒரு லுங்கியை மடித்து இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்தேன். பேச்சை மாற்றினேன்.

"கரடி வருமா பாவா?"

"அது தூங்குற நேரம்டா."

"எல்லாக் கரடியுமா?"

பாவா ஒரு கையால் பின் சீட்டைத் துழாவினார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு சட்டையை நீட்டினார். மானுக்கு அந்த நிறம் சரியாகத் தெரியாதாம், மற்ற வேட்டைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியுமாம். அந்த இரண்டாவது பாதியைக் கேட்டதும், தவறிச் சுட்டுவிடப் போகிறார்களே என்று பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டேன்.

"முக்கியமா, வாயத் தொறக்காத. உன் குரல் எனக்குத் தெரியும்."

உண்மைதான். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த தொண்டை. நான் ரகசியம் சொன்னால் அடுத்த தெருவில் பதில் வரும்.

முழங்கால் பனியில் ஏறினோம். எனக்குக் கொட்டோ கொட்டென்று வேர்த்தது. ஒரு மரத்தடியில் போய் அசையாமல் உட்கார்ந்ததும், பாவா சொன்னபடியே லுங்கி தகடாகிவிட்டது. கால் விரல்கள் இருக்கின்றனவா என்று பூட்ஸைக் கழற்றிப் பார்க்க ஆசை. கழற்றினால் விரலும் கூடவே வந்துவிடுமோ என்று பயம். இங்கேயே செத்தால் ஊருக்கு எப்படி அனுப்புவார்கள், விமானத்தில் எடை அதிகம் என்று நிறுத்திவிடுவார்களோ என்று யோசித்துக்கொண்டே மத்தியானம் போய்விட்டது.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் மான் வந்தது. ஒரு காலை வைக்கும், நிற்கும், காதைத் திருப்பும். பாவா துப்பாக்கியைத் தோளில் வைத்து மூச்சை அடக்கினார். அது தலையை நிமிர்த்தி நேராக என்னைப் பார்த்தது.

எங்கள் மலை முருகன் கட்டிக்கொண்ட வள்ளியம்மாவைப் பெற்றதே ஒரு மான்தான் என்று கேட்டு வளர்ந்த உடம்பு இது. ரயிலிலிருந்து மலை தெரிந்தாலே கை தானாக மேலே போகும். இப்போதும் போனது. இரண்டு கையும் தலைக்கு மேல்.

"அரோகரா!"

எதிர் மலையும் ஒருமுறை அரோகரா சொன்னது. மேலே கிளையிலிருந்த பனி மொத்தமும் பாவா தலையில் விழுந்தது. மானின் வால் மட்டும் வெள்ளையாகத் தெரிந்து, அதுவும் மறைந்தது.

பாவா துப்பாக்கியை இறக்கினார். "இன்னாத்துக்குடா?"

"வள்ளியம்மாவோட அம்மா, பாவா…"

"டேய், கொம்பு இருந்துச்சேடா! அது ஆம்பள மான்டா!"

தூக்கிய கையை மெதுவாக இறக்கிக்கொண்டேன். அவர் அப்படியே பனியில் உட்கார்ந்தார். "மூணு வருசம்டா," என்றார், என்னிடம் இல்லை, மரத்திடம். இருட்டிவிட்டது. சீசன் முடிந்தது. திரும்பும் வழியில் என் லுங்கி உருகி சீட்டெல்லாம் நனைந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. விஷயத்தைக் கேட்டு அக்கா சிரித்த சிரிப்பில், பாவா சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு சீசன் ஆரம்பத்திலும் வீடியோ கால் வரும். அங்கே விடியற்காலை, இங்கே கடையில் சாயங்கால வியாபாரம்.

"எங்கடா கீற?"

"கடையிலதான் பாவா."

"காட்டு." போனைத் திருப்பி அடுக்கைக் காட்டுவேன். "ஆங். நான் திரும்பி வர்ற வரிக்கும் வாய மூடிகினு இரு."

மூடிக்கொண்டுதான் இருக்கிறேன். விலை கேட்கிறவர்களுக்கு விரலால் காட்டுகிறேன். என் வீட்டுக்காரி முதலில் பல்வலி என்று நினைத்தாள். இவ்வளவு செய்தும் பாவாவுக்கு இன்னும் ஒரு மான் கிடைக்கவில்லை. போன தடவை காட்டிலிருந்து திரும்பியதும் கூப்பிட்டார்.

"உண்மையச் சொல்லு. இன்னாடா பண்ண?"

"ஒரே ஒரு தும்மல், பாவா."