ராணி விட்ட தடம்

“யோவ்! தூண்டிலைக் கீழ போட்டுட்டு இப்டி வா. உன் ராணி இன்னா பண்ணி வெச்சிகீதுன்னு வந்து பாரு!”

குப்பம்மா போட்ட சத்தத்தில் கரையோரத்துக் கொக்கு ஒன்று எழுந்து பறந்தது. தேவராஜ் அப்போதுதான் தூண்டில் கயிற்றைத் தலைக்கு மேல் சுழற்றி, நீளமாக வீசியிருந்தான். முள்ளில் மண்புழு குத்திவிட்டுக் குந்தியிருப்பதெல்லாம் மற்றவர்கள் வேலை. இவன் முள்ளில் இருந்தது பூச்சி. அதுவும் நிஜப்பூச்சி இல்லை. வீட்டுச் சேவலின் வால் இறகைப் பிடுங்கித் தையல் நூலால் கட்டிய பொய்ப்பூச்சி. தண்ணீர்மேல் அது ஈ மாதிரி உட்கார வேண்டும், மீன் ஏமாந்து கவ்வ வேண்டும். கவ்விய மீனைப் படம் எடுத்துவிட்டு, நோகாமல் முள்ளைக் கழற்றி, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும்.

“அப்ப கொழம்புக்கு?” என்று குப்பம்மா முதல் நாளே கேட்டாள்.

“கொழம்புக்கு மார்க்கெட்டு கீதே!” என்றான் தேவராஜ்.

அன்று முதல் அவளுக்கு அந்தத் தூண்டிலையும் பிடிக்காது, ஜீப்பையும் பிடிக்காது. வால் இல்லாமல் திரிந்த சேவலுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஜீப்பின் பெயர்தான் ராணி. ராணுவத்தில் உழைத்து ஓய்ந்து, ஏலத்துக்கு வந்த வண்டி. அம்பத்தூர் எஸ்டேட்டில் மூட்டை ஏற்றி இறக்கும் தேவராஜ், அதைக் கயிறு கட்டி இழுத்துவந்து மண்ணூர்பேட்டைப் பட்டறை ஒன்றில் போட்டான். ஞாயிறு தவறாமல் தோள்வலியோடு போய் அதன் அடியில் படுத்துக்கொண்டான். கடைசியில் ஒரு நாள் அது இருமியது, அப்புறம் உறுமியது. பட்டாபிராமில் அவன் தெருவுக்குள் ராணி நுழைந்தபோது, “காயலாங்கடைக்கு வழி தெரியாம இங்க வந்துடுச்சு மாமே” என்று தெருவே சிரித்தது. தேவராஜுக்குச் சிரிப்பு கேட்கவில்லை, என்ஜின் சத்தம்தான் கேட்டது. குப்பம்மாவுக்கு இரண்டும் கேட்டது.

அதனால்தான் அவள் அவன் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். “சங்கத்துல அந்தப் பித்தளை மீனைக் குடுத்தாங்கன்னா வண்டி ஊட்ல இருக்கட்டும். குடுக்கலன்னா நாளைக்கே எடைக்குப் போட்டுடணும்.”

சங்கம் என்றால் சித்தேரித் தூண்டில் சங்கம். ஆவடி ஃபாக்டரியில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ரகுநாதன்தான் தலைவர். சித்தேரியின் அக்கரைக்குப் பஸ் கிடையாது, ஆட்டோ வராது. பள்ளமும் மேடுமாகக் கிடக்கும் கப்பிப் பாதையில் ஜீப் மாதிரி வண்டிதான் போகும். போகலாம், ஆனால் போன அடையாளம் இருக்கக் கூடாது என்பது சங்கத்துச் சட்டம். பாதையை விட்டு ஒரு சக்கரமும் இறங்கக் கூடாது. கரைச்சேற்றில் தடம் விழக் கூடாது. ஹாரன் கூடாது, குப்பை கூடாது. வழியில் ஆள்காட்டிக் குருவி முட்டை வைத்திருந்தால் வண்டியை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். புது ஆள் ஒரு நாள் சங்கத்து ஆள் துணையில்லாமல் போய்வர வேண்டும், தலைவர் பின்னாலேயே வந்து பார்ப்பார். அடையாளமே இல்லையென்றால் வண்டி முகப்பில் மாட்டச் சங்கத்துச் சின்னமான பித்தளை மீன். ஒரு தடம் கண்ணில் பட்டாலும், பாதை முகப்பில் சங்கம் போட்டிருக்கும் இரும்புக் கேட்டு அந்த வண்டிக்குத் திறக்காது.

கேட்டுச் சாவி ஒன்றே ஒன்று. நேற்று சாயங்காலம் தலைவர் வீட்டுக்குப் போய் தேவராஜ் அதை வாங்கி வந்தான். அப்போது அவர் தம் புது வண்டியின் சக்கரங்களைக் குனிந்து குனிந்து கழுவிக்கொண்டிருந்தார். “ஒரு ஏரிப் பாசி இன்னொரு ஏரிக்குப் போகக் கூடாது, தேவராஜ். அதுதான் ஒழுக்கம்” என்றார். தேவராஜ் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்து, ராணியின் சக்கரங்களைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தான். பிரஷ் குப்பம்மாவுடையது.

இப்போது அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கீழே காட்டினாள். பாதையின் ஓரத்தில், மேலே மட்டும் காய்ந்த சேற்றில், ஒரு சாண் ஆழத்துக்கு நீளமாக ஒரு பள்ளம். அடியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

தேவராஜ் குனிந்து பார்த்தான். “இது... நம்ம வண்டி இல்ல குப்பு.”

“பின்ன என்னா ஏரோப்ளேனா எறங்கிச்சு? சாவி உன்கிட்ட கீது. சுத்தி எருமைக் காலடிதான் கீது, வேற வண்டித் தடமே காணோம். காலைல பனியில வரசொல்லோ இந்தாண்டதான தடக்குன்னு தூக்கிப் போட்டுச்சு?”

“அது கல்லுன்னு நெனச்சேன்.”

“நீ கல்லுன்னு நெனச்சே. சேறு நெனைக்கலியே.”

தேவராஜ் சாண் போட்டுப் பார்த்தான். பள்ளத்தின் அகலமும் ராணியின் சக்கரத்து அகலமும் ஒன்றுபோலவே இருந்தன. வேகமாக வேட்டியை மடித்துக் கட்டினான்.

“மூடிட்டா போச்சு.”

இரண்டு கையாலும் சேற்றை அள்ளிப் பள்ளத்தில் போட்டு, உள்ளங்கையால் தட்டிச் சமன் செய்தான். நிமிர்ந்து பார்த்தால், சுற்றிலும் காய்ந்த சாம்பல் நிறம். நடுவில் மட்டும் கன்னங்கரேலென்று ஒரு நீளப் பட்டை.

“இன்னாய்யா இது? பல்லு புடுங்கின எடத்துல சிமிட்டு வெச்ச மாதிரி கீது.”

“சுத்தியும் ஈரம் பண்ணிட்டா கலர் ஒண்ணாயிடும்” என்ற தேவராஜ், கைக்குக் கிடைத்த மூடி ஒன்றில் ஏரித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினான்.

“ஐயோ, அது புளிசோத்து மூடிய்யா!”

கலர் ஒன்றாகியது. ஆனால் மண் இளகிவிட்டது. பள்ளம் பழையபடி வாயைத் திறந்து, பக்கத்து மண்ணையும் சேர்த்து விழுங்கியது. ஒரு சாண் அகலம் இப்போது ஒரு முழம்.

தேவராஜ் சளைக்கவில்லை. பச்சை மரத்தை ஒடிக்கக் கூடாது என்பதும் சட்டம். ஆகவே தேடி அலைந்து, காய்ந்து விழுந்த சீமைக்கருவேலக் கிளை ஒன்றைக் கொண்டுவந்தான். ஜீப்பில் கிடந்த கயிற்றை அதில் கட்டி, மறுமுனையை மூட்டை சுமக்கும் தோளில் போட்டு, சேற்றின்மேல் இப்படியும் அப்படியும் இழுத்தான். துடைப்பம் மாதிரி கூட்டிவிடும் என்பது அவன் கணக்கு. முள் ஒவ்வொன்றும் ஒரு கோடு கிழித்தது.

குப்பம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தாள். “நல்லாத்தான் ஓட்டிகீறே ஏரு. நாத்து கொண்டாந்தா நட்டுடலாம்.”

“பேஜார் பண்ணாத குப்பு! வண்டி பூடும்!”

அந்தக் குரலில் இருந்த உடைசல் அவளுக்கே புதிது. தானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

அந்த நேரம் கரைமேல் பால்ராஜ் வந்தான். தலையில் துண்டு, சட்டைப்பையில் பாடும் போன், முன்னால் அவன் எருமைகள். தேவராஜுக்கு மூளையில் பல்பு எரிந்தது.

“பால்ராஜு! ஒரு ஒத்தாசை. எருமைங்களை இப்டிக்கா நடத்திகினு போ. இந்த எடத்தை மெதிச்சி வுட்டா போதும்.”

பால்ராஜ் பள்ளத்தைப் பார்த்தான். தேவராஜைப் பார்த்தான். “அண்ணாத்தே, இந்தப் பள்ளம் வந்து...” என்று ஆரம்பித்தான்.

“ஒண்ணும் கேக்காத. யார்கிட்டயும் மூச்சு வுடாத!”

“இதையுமா?” என்றான் பால்ராஜ்.

“எதையும்!”

பால்ராஜ் தோளைக் குலுக்கிவிட்டு நாக்கைச் சொடுக்கினான். எருமைகள் இறங்கின. நன்றாகத்தான் மிதித்தன. தேவராஜ் பெருமூச்சு விடுவதற்குள் முதல் எருமை நின்றது. கீழே பார்த்தது. காலையிலிருந்து ஒரு மனிதன் தோண்டி, தண்ணீர் ஊற்றி, கிளறிப் பதமாக்கி வைத்திருந்த சேறு. இப்படி ஒரு மரியாதை அதற்கு அதுவரை கிடைத்திருக்காது. முன்னங்காலை மடக்கிச் சொகுசாகப் படுத்துவிட்டது. பின்னாலேயே மற்றவையும் படுத்தன. வால் வீச்சில் பறந்த சேறு ராணியின் புதுப் பச்சைப் பெயின்ட்டில் அப்பியது.

“எழுப்புடா அதுங்களை!”

“படுக்கத்தான் எனக்குச் சொல்லத் தெரியும் அண்ணாத்தே. எழறது அதுங்க இஷ்டம்.”

குப்பம்மா புளிசோற்றுத் தூக்கை எடுத்து நீட்டி, “வாம்மா, வாம்மா” என்று கெஞ்சினாள். ஒரு எருமை மட்டும் எழுந்து வந்தது. தூக்கைக் காலி செய்தது. திரும்பிப் போய்ப் பழைய இடத்திலேயே படுத்துக்கொண்டது.

“போச்சு” என்றான் தேவராஜ். கரைமேல் ரகுநாதனின் வெள்ளைத் தொப்பி தெரிந்தது.

அவர் நடந்தே வந்தார். பின்னால் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர். “வண்டி எடுத்துகினு வரலியா சார்?” என்றான் தேவராஜ்.

“அக்கரைன்னா எனக்கு நடக்கிறதுதான் பிடிக்கும்” என்றார் அவர். சொல்லிக்கொண்டே நேராக எருமைகள் படுத்திருந்த இடத்துக்குத்தான் போனார். இப்படி எட்டிப் பார்த்தார், அப்படி எட்டிப் பார்த்தார். எருமையைத் தவிர ஒன்றும் இல்லை. அவர் முகம் அப்படியே மலர்ந்தது.

“சுத்தம்! பரம சுத்தம்! பாதை முழுக்கப் பார்த்துக்கிட்டே வந்தேன், ஒரு சக்கரம் இறங்கலை. ஒரு மிட்டாய்க் காகிதம் இல்லை. மத்தவங்க உங்களைப் பார்த்துக் கத்துக்கணும், தேவராஜ்.”

கூட வந்தவர்கள் கை தட்டினார்கள். ரகுநாதன் சட்டைப்பையிலிருந்து பித்தளை மீனை எடுத்து நீட்டினார். வெயிலில் அது தகதகத்தது. குப்பம்மா கண்ணாலேயே, ‘வாங்குய்யா’ என்றாள்.

தேவராஜ் கையை நீட்டினான். கை முழுக்கச் சேறு. அந்தச் சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். தெரு முழுக்கச் சிரித்தபோதெல்லாம் ராணிக்காகத் தலை நிமிர்ந்து நடந்தவன் அவன். எருமைக்கு அடியில் ஒளித்துவைத்த பெருமையை ராணியின் முகத்தில் எப்படி மாட்டுவது?

“சார், அது எனக்கு வாணாம்.”

“என்னப்பா?”

“அந்த எருமைங்களுக்குக் கீழ ஒரு தடம் கீது சார். என் வண்டித் தடம். பனியில கண்ணு தெரியாம எறக்கிட்டேன் போல. மூடலாம்னு பாத்தேன். தப்பு. என் ராணி ரோஷக்காரி சார், பொய்க்கு வர்ற மீனை மாட்டிக்க மாட்டா.”

ரகுநாதன் திகைத்துப்போனார். தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார். “உங்க தடமா? நிச்சயமா... உங்களோடதுதானா?”

“ஆமா சார்.”

“நீங்களே சொல்றப்ப நான் என்ன செய்ய முடியும்?” கூட வந்தவர்களைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், குரலைக் கனமாக்கிக்கொண்டார். “சட்டம்னா சட்டம். ஒரு வருஷத்துக்கு உங்க வண்டி இந்தக் கேட்டுக்குள்ள வரக் கூடாது. ஏரியோட கரை நம்ம தாய் மாதிரி. அதைக் காயப்படுத்தறவங்களை நான் மன்னிக்கறதே இல்லை.” பித்தளை மீன் சட்டைப்பைக்குத் திரும்பியது.

தேவராஜ் தலையாட்டிவிட்டுக் குப்பம்மாவிடம் வந்தான். “சத்தியம் பண்ணிட்டேன். நாளைக்கு எடைக்குப் போட்டுடறேன்.”

குப்பம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். முந்தானையால் அவன் முகத்துச் சேற்றைத் துடைத்தாள். பிறகு அதே முந்தானையால் ராணியின் முகப்பையும் துடைத்தாள்.

“எவனாச்சும் இவளைக் காயலாங்கடைன்னு சொல்லட்டும், அப்பால கீது அவனுக்கு” என்றாள். “என் தலைமேல பண்ண சத்தியந்தான? என் தலை, நான் பாத்துக்கறேன். இந்தக் கேட்டு தொறக்கலன்னா ஊர்ல வேற ஏரியே இல்லியா? ஏறுய்யா. நம்ம தெருவுல ரெண்டு ரவுண்டு வுடு. ஹாரன் அடிச்சிகினே வுடு!” எந்த நாளும் இல்லாமல், பின்சீட்டுக்குப் போகாமல் முன்சீட்டில் ஏறி, மகாராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தேவராஜ் சாவியைத் திருகினான். ராணி ஒரே இருமலில் உறுமியது. அவன் மார்பு தானாகவே விரிந்தது.

அதுவரை ஓரமாக நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்த பால்ராஜ், மெல்ல ரகுநாதன் பக்கம் வந்தான்.

“யார்கிட்டயும் சொல்லாதன்னு நேத்து சொன்னீங்க சாரு, அதான் உங்ககிட்டயே கேக்கறேன்: உங்க வண்டி பொதைஞ்சி, என் எருமைங்க வெளிய இழுத்து வுட்ட பள்ளத்தைத்தான இந்த அண்ணாத்தே காலைலேர்ந்து மூடிகினு கீறாரு, அதுக்கு எதுக்கு சாரு அவரு வண்டிக்குத் தண்டனை?”