ஃபேசர் சுழன்ற கல்யாணம்

கணேசமூர்த்தி ஃபேசரை மிதித்தான். கிட்டார் ஊமையானது. மறுபடி மிதித்தான். வெறும் கிட்டாராகவே கேட்டது.

கிட்டார் ஒலியைச் சுழன்று சுழன்று வரவைக்கும் அந்தக் காலடிப் பெட்டியை அவன் போன வாரம்தான் வாங்கியிருந்தான். இப்போது மெர்லிமாவ் மண்டபத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் நுழையப்போகும் நேரத்தில் அது மக்கர் செய்தது. இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்தவனுக்கு நின்றபடியே கண் சொக்கியது.

"என்னலா, சுத்துதா?" என்றார் இசைக்குழுத் தலைவர் தம்புசாமி.

"சுத்தும்ணே."

"கிளேபாங் குரூப்புல எல்லாப் பாட்டும் சுத்துது. இன்னிக்கு உன் கிட்டார் சுத்தலன்னா அடுத்த கல்யாணத்துக்குக் கீபோர்டு பையன்தான். அப்புறம் அண்ணன் சொல்லலன்னு சொல்லாத."

கீபோர்டுக்காரன் ஒருவனே கிட்டார், வயலின், மழைச் சத்தம் எல்லாம் தந்துவிடுவான். கையுறைத் தொழிற்சாலையில் மாடாக உழைப்பவனுக்கு இருந்த ஒரே சந்தோஷம் இந்த மேடை. அதுவும் போனால் மிச்சம் ஷிப்டும் தூக்கமும்தான். நினைக்கவே அவனுக்கு அலுப்பாக இருந்தது.

பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்ததும் கோளாறு புரிந்தது. பாட்டரி தீர்ந்திருந்தது. வயர் செருகியிருக்கும்வரை பெட்டி பாட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும் என்று அதை விற்ற மலாக்கா கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இவன் நேற்றுப் பகலில் வீட்டில் வாசித்துப் பழகிவிட்டு வயரைக் கழற்றாமலே தூங்கிப்போயிருந்தான்.

மேசைமேல் வயரில்லா மைக் ஒன்று கிடந்தது. அதே அளவு பாட்டரி! சத்தமில்லாமல் உருவிக்கொண்டான்.

பெண்ணின் தாய்மாமன் அங்கமுத்து அந்த மைக்கைத்தான் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு வரவேற்புரையில் பாதி தூரம் போய்விட்டார். ஒரு சொல்கூட யாருக்கும் கேட்கவில்லை. முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்த பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

"எவன்டா மைக்குல கைய வச்சது?"

"இந்தாங்க மாமா, பாட்டரி கீழ கெடந்துச்சு" என்று கணேசமூர்த்தி திருப்பிக் கொடுத்தான். தம்புசாமி பார்வையாலேயே அவனை எரித்தார்.

அவன் பையில் மிச்சமிருந்தது வீட்டு ரேடியோவின் அடாப்டர். மேடைக்குப் பின்சுவரில் இருந்த ஒரே பிளக்கில் கிப்பாஸ் என்று எல்லோரும் சொல்லும் பெரிய மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கி அடாப்டரைச் செருகினான். முதல் பாட்டு தொடங்கியது. ஃபேசரை மிதித்ததும் ஸ்பீக்கர் 'உர்ர்ர்' என்று உறுமியது. பெட்டியின் திருகை இப்படித் திருப்பினால் உறுமல் கூடியது, அப்படித் திருப்பினால் இன்னும் கூடியது.

"மணப்பொண்ணு மேக்கப் வழியுதுலா! கிப்பாஸ் எங்க? காத்தே வரல!" என்று போட்டோக்காரர் கத்தினார்.

கணேசமூர்த்தி நிமிரவில்லை. உட்கார்ந்து அழலாம்போல இருந்தது.

திடீரென்று உறுமல் நின்றது. கூடவே கிட்டாரும் நின்றது. வெறுத்துப்போய் ஓங்கி ஒரு மிதி மிதித்தான்.

கிட்டார் எழுந்தது. அதுவும் எப்படி! அலையலையாக மண்டபத்தைச் சுற்றியது. பெரியவர்கள் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கணேசமூர்த்தியின் முதுகில்கூடச் சில்லென்று காற்று பட்டதுபோல் இருந்தது. வெற்றி என்றால் உடம்பே குளிரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். தொட்டால் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் அதன்பிறகு பெட்டியின் பக்கம் காலையே கொண்டுபோகவில்லை.

கல்யாணம் முடிந்ததும் தம்புசாமி அவன் தோளில் கை போட்டார்.

"கிளேபாங்காரன் பிச்சை வாங்கணும்லா! இனிமே எல்லாக் கல்யாணத்துக்கும் நீதான். அந்தப் பெட்டிய மட்டும் மறக்காம கொண்டா."

கணேசமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. ஃபேசரைக் குழந்தையைத் துடைப்பதுபோலத் துடைத்து உறையில் வைத்தான்.

மண்டபத்தைக் கூட்ட வந்த முனியாயி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள்.

"கோச்சுக்காதீங்க தம்பி, பொண்ணுக்கு வேர்க்குதேன்னு முதப் பாட்டுலயே உங்க பிளக்கப் புடுங்கிட்டுக் கிப்பாஸ மாட்டிட்டேன், பொண்ணு பக்கம் தள்ளிவைக்க வயரு எட்டல, அதான் கடைசி வரைக்கும் உங்க ஸ்பீக்கர் மூஞ்சிக்கு நேராவே அது ஓடிக்கிட்டு இருந்துச்சு, உங்க பாட்டெல்லாம் அது றெக்கைக்குள்ள பூந்துதான் வந்துச்சு."