புலிக்கு ரீடேக் கிடையாது

மைசூரில் எந்தக் காரியத்தையும் ஒரே தடவையில் முடிக்கத் தெரியாத ஆசாமி ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் எதிர் போர்ஷன் ரீடேக் அண்ணன். அக்ரஹாரத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கேட்டைத் திறந்து உள்ளே வருவார். திருப்தி இருக்காது. வெளியே போய் மறுபடி வருவார், இந்தத் தடவை கொஞ்சம் களைப்பாக. அவர் போர்ஷனில் 'வாங்க' என்று சொல்ல ஒரு ஈ காக்காய் கிடையாது.

தொழில் அப்படி. காட்டோரத்து ஹனூர்க்காரர். காட்டு விலங்குகளைப் படம் எடுக்க வரும் குழுவுக்கு ஜீப் ஓட்டி, கேமரா முக்காலியைச் சுமப்பவர். புலிப் படம் முடிந்ததும் கடைசிப் பத்து நிமிடம், எப்படி எடுத்தோம் தெரியுமா என்று மழை, சேறு, அட்டைக்கடி எல்லாம் காட்டுவார்களே? ஜனங்கள் புலியை விட அதைத்தான் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். அதில் சேற்றில் விழுகிறவர் இவர்தான்.

"நெசமாவே விழுந்தனுங்க தம்பி. கேமரா ஆன் பண்ணலையாம். இன்னொருக்கா விழுங்கன்னாங்க. விழுந்தா, மூஞ்சி தெரியலையாம்!"

"அந்த அட்டை?"

"அது ரத்தத்தக் குடிச்சுட்டுக் கழண்டுருச்சு. வேற அட்டை தேடிப் புடிச்சு நானே கால்ல விட்டுக்கிட்டனுங்க. யானை வராமயே ஓடியிருக்கறனுங்க! புலிகிட்டப் போயி இன்னொருக்கா நடன்னு சொல்ல முடியுமுங்களா? நம்மளத்தான் சொல்லோணும்."

போன வருஷம் அந்தப் படம் டிவியில் வந்தது. ஓனரம்மா வீட்டு ஹாலில் எல்லோரும் கூடிவிட்டோம். அண்ணன் விழுந்தபோது சிரித்து மாளவில்லை. பிறகு அதே படத்தில் கூடாரத்து வாசலில் தனியாக உட்கார்ந்து வீட்டுக்குப் போன் பேசினார். "சாப்பிட்டியா? கதவச் சாத்திக்க. வந்துருவேன், அழுவாத."

ஓனரம்மா மூக்கை உறிஞ்சினார். அவருக்கு 'இல்லையா' என்பது கன்னடத்தில் 'அல்வா'தான். "பாவம் அல்வா! ஊர்ல மிஸஸ் இருக்காங்கன்னு சொல்லவே இல்லையே?"

ரீடேக் அண்ணன் எழுந்து போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன்.

"அங்க டவரே இல்லீங்க தம்பி. வீட்டுக்குப் பேசுங்க, பாக்கறவங்க மனசு இளகோணும்னாரு டைரக்டரு. எனக்கு யாரு இருக்கறாங்க? சும்மா காதுல வெச்சுப் பேசுனன்." கேட்டை ஒரு தடவை திறந்து மூடிவிட்டுச் சொன்னார்: "அது ஒண்ணுதானுங்க ஒரே டேக்குல ஓகே ஆச்சு."

எனக்குத் தாங்கவில்லை, கோபமாகத்தான் வந்தது. எதிர் போர்ஷனில் நான் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது யாருமில்லை என்றால் என்ன அர்த்தம்? "அடுத்த தடவை டவர் இருக்கிற இடமாப் பாத்து உக்காந்து என் நம்பரைப் போடுங்கண்ணே!" என்று கத்திவிட்டு வந்தேன்.

போன வாரம், ஆபீஸில் மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், போன் அடித்தது.

"சாப்பிட்டியா?"

அண்ணன் என்னை ஒருமையில் கூப்பிட்டதே இல்லை. "ஆச்சுண்ணே. நீங்க?"

அங்கே மழையாம். ஜீப் சேற்றில் மாட்டிக்கொண்டதாம். என் பையனுக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டார். பின்னால் யாரோ "கட், ஓகே" என்றது எனக்கே கேட்டது. அண்ணன் பேச்சு ஓனரம்மாவின் முட்டிவலிக்குப் போய்விட்டது.

"அண்ணே, கட் சொல்லிட்டாங்க போலிருக்கே?"

"அப்பவே சொல்லிட்டாங்க தம்பி. கேமராவையும் மூட்ட கட்டியாச்சு."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"அப்பறம்?" என்றார்.

மேனேஜர் முறைத்தார். முறைக்கட்டும். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, எங்கள் தெருவில் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்ல ஆரம்பித்தேன்.