அரக்கன் தம்பியின் உயிர்

“கிளியைக் கொல்லப்படாது” என்றார் உப்பிலி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அச்சகம் வைத்திருப்பவர் அவர். எதிரே நின்ற வைகுண்டராஜ், ராஜபாளையத்திலிருந்து ஒரு சிறுவர் நாவலோடு பஸ் ஏறி வந்திருந்தான்.

பழைய கதையில், கிளிக்குள் ஒளித்து வைத்த அரக்கனின் உயிரை இளவரசன் எடுத்துவிடுகிறான். அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று எந்தக் குழந்தையும் கேட்கவில்லை. இருந்தும் வைகுண்டராஜ் சொல்வதென்று தீர்மானித்துவிட்டான். அரக்கனுக்கு ஒரு தம்பி. தம்பிக்கும் ஒரு கிளி.

“ஏன் சார் கொல்லக் கூடாது?”

“ஆண்டாள் கையில என்ன இருக்கு? கிளி. ஆடிப்பூரத் தேரன்னிக்கு, இந்த ஊர்ல, கிளி கழுத்தைத் திருகற புஸ்தகத்தை விப்பேளா? வேற எழுதிண்டு வாங்கோ. இது இங்கேயே இருக்கட்டும்.”

வைகுண்டராஜுக்கு ஆடிப்பூரம்தான் கெடு. “அதுக்குள்ள புஸ்தகம் வரலைன்னா, பேசாம எங்க பேண்டேஜ் கம்பெனிக்கு வந்து துணி சுருட்டுலே” என்று சொல்லியிருந்தார் அங்கே சூப்பர்வைசராக இருக்கும் அவன் அப்பா பொன்னுராஜ். உலகத்தின் காயங்கள்மீது வைகுண்டராஜுக்கு அனுதாபம் உண்டு. கட்டுப் போடும் உத்தேசம்தான் இல்லை.

அடுத்த வாரம் உயிரை நாய்க்குள் வைத்துக்கொண்டு வந்தான்.

“ராஜபாளையத்துக்காரர் நாயைக் கொல்றேளே! உங்க ஊர்ல ஒரு பிரதி போகுமா?”

அதற்கடுத்த வாரம் அணில்.

“மலையில சாம்பல் அணிலுக்குச் சரணாலயமே வெச்சாச்சு. ஃபாரஸ்ட்காரா உங்களை விட்டுட்டு என்னைத்தான் பிடிப்பா.”

வைகுண்டராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு, உயிருள்ள எதுவும் வேண்டாமென்று ஒரு சட்டிப் பால்கோவாவுக்குள் உயிரை வைத்தான். இளவரசன் அதைத் தின்று தீர்க்க வேண்டும்.

“தேருக்கு வர்ற கூட்டம் பால்கோவா வாங்க வேண்டாமா? கடைக்காரால்லாம் என் வாசல்லதான் வந்து நிப்பா.”

வேறு வழியில்லாமல் பேண்டேஜ் சுருளுக்குள் வைத்தான். இந்த முறை உப்பிலி வரைக்கும் போகவே இல்லை. வீட்டிலேயே அப்பா படித்துவிட்டார்.

“ஏலே, நம்ம சரக்குக்குள்ள அரக்கன் உசுரா? எந்த ஆஸ்பத்திரிக்காரன்லே வாங்குவான்?”

“கதைதானப்பா!”

“கட்டைப் பிரிச்சா அரக்கன் சாவான்னு எழுதியிருக்க. காயம்பட்டவன் இதைப் படிச்சா, உசுருக்குப் பயந்து பிரிக்க விடுவானா? எம்புட்டு நாள் கட்டோட அலைவான்?”

ஆடிப்பூரம் நெருங்கிவிட்டது. வைகுண்டராஜ் அன்றே உட்கார்ந்து முடிவை மாற்றினான். அரக்கன் தம்பி சாகவே இல்லை. மனம் திருந்தி, பஞ்சாலையில் நைட் ஷிஃப்ட்டில் சேர்ந்து, ஒழுங்காகச் சந்தா கட்டும் யூனியன் உறுப்பினனாகிவிட்டான். உயிர் அவன் நெஞ்சுக்குள்ளேயே இருந்தது. சுபம்.

உப்பிலி படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“இப்ப யாரு சார் கோவிச்சுக்கிடுவாக?” என்றான் வைகுண்டராஜ்.

உப்பிலி விட்டத்தைப் பார்த்தார். அங்கேயும் ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

“கதை... முடிஞ்சே போயிடுத்தா?”

“முடிஞ்சுட்டு சார். இன்னைக்கே அச்சுக்கோக்க ஆரம்பிங்க. நான் இங்கயே உக்காந்துக்கிடுதேன்.”

அச்சகத்துக்குப் பின்கட்டுதான் உப்பிலியின் வீடு. அங்கிருந்து அவர் மனைவி ஸாவித்ரி, கையில் பருப்புசாதக் கிண்ணத்தோடு பதறிக்கொண்டு வந்தாள்.

“ஏன்னா, கதையை முடிச்சுட்டாரா? வாரத்துக்கு ஒரு கதை வரவழைச்சு நம்ம குழந்தைக்குச் சாதம் ஊட்டிண்டிருந்தேளே, நாளைக்கு எதைச் சொல்லி ஊட்டுவேள்?”